பாடக்குறிப்பின் வடிவத்தை மாற்றித் தாருங்கள்: கல்வியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும், செய்முறைத் தேர்வுக்கு வரும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டில் கணிதம் கற்பித்தலை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கும் மாணவ ஆசிரியை. அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 7ஆம் வகுப்புக்குக் கணிதம் எடுத்துப் பயிற்சி பெறுகிறேன். பிள்ளைகளின் நிலையறிந்து வேறுபடுத்திக் கற்பிக்க முயலும் ஒரு மாணவ ஆசிரியருக்கு முதல் தடையாக நிற்பது நாங்கள் எழுதும் பாடக்குறிப்பின் வடிவமும், அதற்கு மதிப்பெண் வழங்கப்படும் முறையுமே என்று கருதுகிறேன். அவ்விரண்டையும் மாற்றித் தருமாறு கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

வேறுபடுத்திக் கற்பித்தலைப் பற்றி வகுப்பில் நிறையவே படிக்கிறோம். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கரோல் ஆன் டாம்லின்சன் இக்கருத்தை விரிவாக வளர்த்தெடுத்தவர் என்பதையும், கற்பிக்கும் பொருள், கற்கும் வழி, கற்றதை வெளிப்படுத்தும் விதம், கற்றல் சூழல் ஆகிய நான்கையும் மாணவரின் ஆயத்தநிலை, ஆர்வம், கற்கும் பாங்கு ஆகியவற்றுக்கு ஏற்ப ஆசிரியர் மாற்றியமைக்கலாம் என்பதையும் எங்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருக்கிறோம். தேர்வில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதவும் எங்களால் முடியும். ஆனால் மறுநாள் பள்ளிக்குப் பாடக்குறிப்பு எழுத உட்காரும்போது படித்த எதற்கும் அந்தத் தாளில் இடம் இல்லை.

அந்தத் தாளை நீங்கள் நன்கு அறிவீர்கள். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், முன்னறிவு, துணைக்கருவி, ஊக்கப்படுத்துதல், ஆசிரியர் செயல், மாணவர் செயல், கரும்பலகைச் சுருக்கம், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்ற வரிசையில் அது இறங்கும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் வகுத்த படிநிலைகளும், கற்றல் நோக்கங்களை நிலைவாரியாக அடுக்கி 1956இல் வெளிவந்த புளூமின் வகைப்பாடும் அதன் எலும்புக்கூடு. அவை பயனற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. பாடத்தை ஒழுங்காக நகர்த்திச் செல்ல அவை எனக்கு உதவியிருக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. 'மாணவர் செயல்' என்ற கட்டத்தில் நாங்கள் அனைவரும் 'மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்', 'மாணவர்கள் விடையளிக்கின்றனர்' என்றே எழுதுகிறோம். எந்த மாணவர்கள் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. 'முன்னறிவு' என்ற தலைப்பின்கீழ் 'மாணவர்கள் முழு எண்களின் கழித்தலை அறிந்திருப்பர்' என்று எழுதுகிறோம். ஒரு பிள்ளையின் நோட்டையும் புரட்டிப் பார்க்காமல் முதல்நாள் இரவே எழுதப்படும் வாக்கியம் அது.

அந்த ஒற்றை வாக்கியத்தால் என்ன விளைகிறது என்பதற்கு என் வகுப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் கூற அனுமதியுங்கள். 7ஆம் வகுப்பின் முதல் பருவக் கணித நூல் முழுக்களில், அதாவது −3, 0, 5 போன்று குறை எண்களும் அடங்கிய எண்களில், தொடங்குகிறது. பாடத்தைத் தொடங்கும் முன் கால் தாள் ஒன்றைக் கொடுத்து நான்கே கணக்குகளைப் போடச் சொன்னேன். அவற்றுள் ஒன்று 52இலிருந்து 38ஐக் கழிப்பது. சில பிள்ளைகள் 26 என்று எழுதியிருந்தார்கள். விடை தவறு என்று குறுக்குக்கோடு போட்டுவிட்டால் செய்தி அதோடு முடிந்துவிடும். அந்த 26 எப்படி வந்தது என்று பார்த்தால்தான் பிள்ளையின் மனத்தில் ஓடுவது தெரியும். ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 8 போகாது. ஆகவே 8இலிருந்து 2ஐக் கழித்து 6 என்று வைத்திருக்கிறார்கள். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியை அவர்கள் தாமாகவே உருவாக்கிக்கொண்டு, அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். இப்போது அதே பிள்ளைகளின் முன்னே 5−8 என்ற கணக்கை வைத்தால் 3 என்றுதான் எழுதுவார்கள். குறை முழுக்களைப் பற்றி நான் எவ்வளவு அழகாக விளக்கினாலும், எத்தனை வண்ண அட்டைகளைக் காட்டினாலும், அந்தப் பழைய விதி உள்ளே இருக்கும்வரை புதுப் பாடம் உள்ளே போகாது. அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது இடமதிப்பும், பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்குவதும்தான். பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்து எண்ணச் சொன்ன பிறகே அவர்களைத் தரையில் வரைந்த எண்கோட்டுக்கு அழைத்துவர முடிந்தது.

அதே வகுப்பில் வேறு சிலருக்குக் கழித்தல் தண்ணீர்பட்ட பாடு. குறை முழுக்கள் மட்டுமே அவர்களுக்குப் புதியவை. எண்கோட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் நடந்து பார்த்துத் தாங்களே விதியைக் கண்டார்கள். இன்னும் சிலர் விதியை ஏற்கெனவே டியூஷனில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள்; குறையைக் கழித்தால் கூட்டல் ஆகும் என்று ஒப்பிப்பார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் அவர்களிடமும் விடை இல்லை. அவர்களிடம் 3−2, 3−1, 3−0 என்று எழுதிக் காட்டி, அடுத்து 3−(−1) என்னவாக இருக்க வேண்டும், ஏன் என்று கேட்டு ஒரு வேலையைக் கொடுத்தேன். ஒரு மாணவி அதற்கு அண்ணாச்சி கடைப் பாக்கியைக் கொண்டு விளக்கம் சொன்னாள்: நாம் கொடுக்க வேண்டிய ஐந்து ரூபாயை அவர் தள்ளுபடி செய்துவிட்டால் நம் கையில் ஐந்து ரூபாய் கூடியதற்குச் சமம்தானே, டீச்சர் என்றாள். எந்தப் பாடக்குறிப்பிலும் நான் எழுதியிருக்க முடியாத விளக்கம் அது. பாடவேளையின் இறுதியில் மூன்று வழியாகச் சென்றவர்களும் எதிர்கொண்டது ஒரே கேள்வியைத்தான். போய்ச் சேர வேண்டிய இடம் எல்லாருக்கும் பொது. புறப்படும் இடமும் வழியில் கிடைக்கும் உதவியும் மட்டுமே வேறுபட்டன. வேறுபடுத்திக் கற்பித்தல் என்று நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவே.

கற்பித்தல் பயிற்சியின் ஒரு பகுதியாக மெல்லக் கற்போர் பட்டியல் ஒன்றையும் நாங்கள் தயாரிக்கிறோம். பெரும்பாலும் முந்தைய தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து அது எழுதப்படுகிறது. என் வகுப்பில் ஒரே மதிப்பெண் பெற்று அப்பட்டியலில் அடுத்தடுத்து இருந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவன், மேலே சொன்ன 26ஐ எழுதியவன். மற்றவள் வீட்டில் ஒடியா பேசும் பெண். பெற்றோர் வேலை தேடி இங்கே வந்தவர்கள். 'உதகையில் இரவு வெப்பநிலை...' என்று தொடங்கும் வாழ்க்கைக் கணக்கை அவளால் படித்துப் பொருள் கொள்ள முடியவில்லை. நான் அருகில் அமர்ந்து அதையே வாய்மொழியாகச் சொன்னதும் மனத்திலேயே கணக்கிட்டு விடை சொன்னாள். அவளுக்குத் தடையாக இருப்பது தமிழ் வாசிப்பு. அவனுக்குத் தடையாக இருப்பது இடமதிப்பு. பட்டியலோ இருவருக்கும் ஒரே பெயரைச் சூட்டி, ஒரே குறைதீர் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. தன் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் படிக்கும் பிள்ளையை மெல்லக் கற்பவள் என்று அழைப்பது அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

இந்த வேறுபாடுகளுக்குப் பிள்ளைகளோ பெற்றோரோ பொறுப்பல்லர். 2025-26ஆம் கல்வியாண்டில் 7ஆம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 2020-21இல் 2ஆம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவர்கள். கொரோனாவால் அவ்வாண்டு முழுவதும் தொடக்க வகுப்புகள் திறக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நேரடியாகப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். கடன் வாங்கிக் கழித்தலைக் குச்சியும் கல்லும் வைத்துக் கற்க வேண்டிய வயதில் அவர்கள் வீட்டில் இருந்தார்கள். சிலருக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்தது. சிலருக்குக் கைபேசி இருந்தது. சிலருக்கு இரண்டும் இல்லை. ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதால் அவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு படிவத்தை இப்பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டு செல்வது?

நம் மாநிலத்துக்கு இது புதிய சிந்தனையும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கடந்து ஏணிப்படிகளில் முன்னேறும் ஏற்பாடு அது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிப் போடப்பட்ட தாழ்வான கரும்பலகைகளைப் பல தொடக்கப் பள்ளிகளில் இன்றும் காணலாம். அதன் குறை நிறைகளைப் பற்றி ஆசிரியர்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. பிறகு 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும், அடுத்த கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை எண்ணறிவு, எழுத்தறிவுத் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் கற்கிறார்கள். 2025-26இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்காகத் 'திறன்' இயக்கமும் தொடங்கப்பட்டிருக்கிறது. பள்ளிகள் இத்தனை தொலைவு நடந்திருக்க, அதே பள்ளிகளின் 6 முதல் 10ஆம் வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியர்களாகச் செல்லவிருக்கும் எங்களுக்கு, ஒரு பிள்ளை எந்த நிலையிலிருந்து வருகிறது என்று கண்டறியும் பயிற்சி செய்முறையில் இல்லை. அரும்பு நிலைப் பயிற்சித்தாள் எப்படி இருக்கும் என்று பார்த்திராமலேயே பி.எட். முடித்துவிடலாம் என்பது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

சட்டமும் இதை எங்களிடம் எதிர்பார்க்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கு அடுத்த உட்பிரிவிலேயே, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பத் தேவைப்படும் கூடுதல் கற்பித்தலை வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. பணியிலிருக்கும் ஆசிரியர் அன்றாடம் இவ்விரு கடமைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறார். பாடக்குறிப்பு முதல் கடமையை மட்டுமே எங்களுக்குப் பழக்குகிறது.

மேற்பார்வைக்கு வருவோர் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகள் குழுக்களாக அமர்ந்து வேலை செய்யும்போது வகுப்பில் பேச்சுச் சத்தம் இருக்கும். ஆசிரியர் கரும்பலகை அருகில் நிற்கமாட்டார். ஒரு மூலையில் குனிந்து ஒரு பிள்ளையின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் உள்ளே வரும் மேற்பார்வையாளரின் கையிலிருக்கும் மதிப்பீட்டுத் தாள் குரல் ஏற்ற இறக்கம், கரும்பலகை எழுத்து, வகுப்புக் கட்டுப்பாடு, துணைக்கருவி ஆகியவற்றுக்கே மதிப்பெண் கேட்கிறது. கேட்கப்பட்டதற்கு அவர் மதிப்பெண் இடுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விளைவு என்ன? மேற்பார்வை நாளென்று தெரிந்தால் குழுக்களைக் கலைத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையில் அமர்த்தி, விடை தெரிந்தவர்களிடம் மட்டும் கேள்வி கேட்கும் பாடத்தை நடத்துவதே பாதுகாப்பு என்று மாணவ ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். செய்முறைத் தேர்வு நாளில் பதிவேடுகளின் உறைகள் மின்னுகின்றன. அவற்றைத் தைத்து, படம் வரைந்து, எல்லைக்கோடு போடச் செலவான இரவுகளில் பிள்ளைகளின் நோட்டுகளைப் படித்திருக்கலாம்.

எங்கள் குறிப்புகளில் நீக்கப்பட வேண்டியதும் ஒன்று உண்டு. வேறுபடுத்திக் கற்பித்தல் என்றாலே பிள்ளைகளைக் காட்சிவழிக் கற்போர், கேட்டல்வழிக் கற்போர், செயல்வழிக் கற்போர் என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் வழியில் பாடம் நடத்துவது என்று பல வழிகாட்டி நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று காட்டியது. எண்கோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணால் பார்க்க வேண்டியது. தீக்குச்சிக் கட்டு எல்லாருடைய கையும் தொட வேண்டியது. பிரிக்க வேண்டுமானால், யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைக் கொண்டே பிரிக்க வேண்டும். அதையும் அன்றைய பாடத்துக்கு மட்டுமே செய்ய வேண்டும். முழுக்களில் தடுமாறும் பிள்ளை வடிவியலில் முன்வரிசையில் இருக்கக்கூடும். ஆண்டு முழுவதும் மாறாத குழுக்கள் முத்திரைகளாக மாறிவிடும். பிள்ளைகள் அதை மிக விரைவில் கண்டுகொள்வார்கள். அரும்பு, மலர் என்று எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் யார் எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். பாடக்குறிப்பில் 'முன்னறிவு' என்ற கட்டத்தை வைத்திருங்கள். ஆனால் அது எப்படித் தெரியவந்தது என்று கூடவே கேளுங்கள். அலகின் தொடக்கத்தில் கொடுத்த சிறு வினாத்தாளும், அதில் கண்ட பிழைவகைகளும் அங்கே எழுதப்படட்டும். 'மாணவர் செயல்' கட்டத்தை, ஒரே நோக்கத்துக்கு இட்டுச்செல்லும் இரண்டு அல்லது மூன்று தொடக்கங்களாகப் பிரித்துத் தாருங்கள். மூன்று தனித்தனிப் பாடக்குறிப்புகளை நான் கேட்கவில்லை. அது யாராலும் இயலாது, தேவையும் இல்லை. கடைசியில் 'நாளை என்ன செய்வேன்' என்று ஒரு கட்டம் வேண்டும். அது பாடம் முடிந்த பிறகு, அன்றைய விடைத்தாள்களைப் பார்த்து, கையால் எழுதப்பட வேண்டும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளி அனுபவத்தை வகுத்திருக்கின்றன. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. பிள்ளைகளை அறிந்து கற்பிக்க அது நல்ல காலஅளவு. வேறு வேறு வகுப்புகளில் துண்டு துண்டாகப் பாடம் எடுத்து எண்ணிக்கையை நிரப்புவதற்குப் பதிலாக, குறைந்தது ஓர் அலகையேனும் ஒரே பிரிவில் முதலிலிருந்து இறுதிவரை எடுக்க அனுமதியுங்கள். நேற்றுத் தடுமாறிய பிள்ளை இன்று எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வேறுபடுத்திக் கற்பித்தலைப் பழக முடியாது. முதலாண்டின் நான்கு வாரங்களில் சில நாள்களை அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் வகுப்பைக் கவனிக்க ஒதுக்குங்கள். ஒரே அறையில் மூன்று நிலைகளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியர்களிடம் நாங்கள் கற்க வேண்டியது ஏராளம்.

செய்முறைத் தேர்வுக்கு வருவோருக்கு ஒரு தனி வேண்டுகோள். துணைக்கருவிகளையும் பதிவேடுகளையும் பாருங்கள்; அவற்றோடு, நாங்கள் பாடம் எடுத்த வகுப்பின் மூன்று பிள்ளைகளுடைய நோட்டுகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளை இங்கே ஏன் இப்படி எழுதினான், அதைப் பார்த்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். விடை சொல்ல முடிந்தவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இதற்கு வரக்கூடிய மறுப்பை நான் அறிவேன். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று உயர்தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் சொன்னாலும், ஒரு பிரிவில் அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் அமர்ந்திருக்கும் பள்ளிகள் உண்டு; பாடவேளையோ 40 அல்லது 45 நிமிடம்; பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி வேறு. என் வழிகாட்டி ஆசிரியை இதே ஐயத்தை முதல் வாரத்தில் எழுப்பினார். அவர் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அவருடைய ஐயம் நியாயமானது. வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். கால் தாள் விடைகளைப் பிழைவகைப்படி அடுக்குவதற்கு மதிய உணவு இடைவேளையில் ஒரு பகுதி போதுமானதாக இருந்தது. வரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடுவதால் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினாலும் வேலை அதே அளவுக்குக் கூடுவதில்லை. அடிப்படையில் நிற்கும் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் பாடத்தை முடித்தால், அதே இடத்தில் அடுத்த ஆண்டு ஆசிரியர் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும் என்று அவரே பிறகு சொன்னார். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிடக் கூடுதலான, தனித்த ஏற்பாடுகள் தேவை. சிறப்பாசிரியர்களின் துணையின்றி நாங்களே செய்துவிடலாம் என்று நான் கூறவில்லை.

எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. விருப்பமுள்ள சில கல்லூரிகளில், ஒரு பாடத்துக்கு, ஓர் அலகுக்கு மட்டும் இந்தப் பாடக்குறிப்பு வடிவத்தை அனுமதித்து, அதற்கு மதிப்பெண் குறையாது என்று எழுத்தில் உறுதி தாருங்கள். அந்த உறுதி கிடைத்தால் முயன்று பார்க்கப் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள். நான் பயன்படுத்திய கால் தாள் வினாக்களையும், பிள்ளைகளின் பெயர் நீக்கிய விடைகளையும், மாற்றி எழுதிய பாடக்குறிப்புகளையும் குழுவின் பார்வைக்கு அனுப்பி வைக்கிறேன். வரும் கல்வியாண்டின் செய்முறைக் கையேடு அச்சுக்குப் போகும் முன் அவற்றைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணிதப் பிரிவு மாணவ ஆசிரியை,
பி.எட். இரண்டாம் ஆண்டு